நூறு படத்தை எதற்காக அடுக்குகிறோம்? கொல்லையிலிருந்து நெபுலாவைப் படமெடுப்பதன் அடிப்படை

புலனக் குழுவில் யாராவது ஓரியன் நெபுலாவின் படத்தைப் போட்டால் இரண்டு பேச்சு கட்டாயம் எழும். "கணினியில் வர்ணம் பூசியிருக்கிறார்கள்" என்பது ஒன்று. "இதற்கு எத்தனை மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி வேண்டும்?" என்பது இன்னொன்று. கேமராவும் கையுமாக இறங்கிவிட்டவர்களிடம் மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு: "நூறு படத்தை அடுக்கினால் நூறு மடங்கு வெளிச்சம் வரும்."

முதல் இரண்டும் பார்ப்பவர்களின் குழப்பம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. மூன்றாவதை நம்பி இறங்குகிறவர்தான் நட்டப்படுகிறார். தவறான கருவியை வாங்குகிறார், தவறான இரவில் எடுக்கிறார், நாற்பது படத்தோடு நிறுத்திவிட்டு "நம் ஊர் வானம் சரியில்லை" என்று மூட்டை கட்டிவிடுகிறார். மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், பகாவ் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் செம்பனைக்கு நடுவே கிடக்கும் வானம் அவ்வளவு மோசமில்லை. அடுக்குவது எதற்கு என்று புரிந்துகொண்டால் அதே வானத்திலிருந்து நல்ல படம் கிடைக்கும்.

## பெரிதாக்குவது இங்கே வேலையே இல்லை

நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த திரள். பரந்து கிடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலாவின் அகலம் வானத்தில் அரைப் பாகை. ஓரியன் நெபுலா ஒரு பாகைக்குக் குறையாது. இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஏறக்குறைய 3 பாகை, அதாவது ஆறு நிலா. அது வானத்தில் உயரே நிற்கும்போதும் நம் கண்ணுக்கு முழுதாகத் தெரியாததற்குக் காரணம் அதன் மங்கல்தான், அளவு சிறுத்துப்போனதால் அன்று.

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் 400 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கியை மாட்டினால் சுமார் மூன்றரைப் பாகை அகலம் படத்தில் விழும். ஆண்ட்ரோமெடா முழுதும் அடங்கிவிடும். பழைய 135 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் 10 பாகை. தொடங்குகிறவருக்கு இந்த 135 மி.மீ. லென்ஸ்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கீழே, கேமராவைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் பற்றிப் பேசும்போது பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கு எப்படித் தெரிகிறது? நம் கண் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடிக்குள் வந்த வெளிச்சத்தைத்தான் ஒரு காட்சியாகப் பார்க்கிறது. உடனே அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. போதாக்குறைக்கு, இருட்டில் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை. கேமரா வந்த வெளிச்சத்தை விடாமல் சேர்த்து வைக்கும். இது புது வித்தையும் இல்லை. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பரில் ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தபோது ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தகட்டைத் திறந்து வைத்திருந்தார். 1883இல் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தும் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன.

## மங்கில் விழும் பாலும் மழையும்

பால்மரக் (ரப்பர்) காட்டில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். விடியுமுன் கோடு வெட்டிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாக மங்கு என்ற கிண்ணத்தில் இறங்கும். மரத்தை அவசரப்படுத்த முடியாது. மங்கு நிறைய வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். அப்புறம் நூறு மரத்து மங்கையும் ஒரே வாளியில் ஊற்றிக்கொண்டு போவார்கள்.

நெபுலாவின் வெளிச்சம் அந்தப் பால். கேமராவின் சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒரு மங்கு. கேமராவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் எக்ஸ்போஷர். ஒவ்வொரு எக்ஸ்போஷரிலும் கிடைக்கும் தனிப்படத்தை பிரேம் என்று சொல்வோம். பல பிரேம்களைக் கணினியில் விண்மீனுக்கு விண்மீன் பொருத்திச் சேர்ப்பதுதான் அடுக்குதல், ஸ்டாக்கிங்.

இதில் மழைதான் வில்லன். பால் இறங்கும் நேரத்தில் தூறல் போட்டால் மங்கில் தண்ணீரும் சேரும். நமக்கு அந்தத் தண்ணீர், வானத்தின் வெளிச்சம்: தெருவிளக்கு, பூப்பந்துத் திடலின் விளக்கு, செம்பனை ஆலையின் விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நிலா. நெபுலாவின் வெளிச்சம் விழும் அதே பிக்சலில் இதுவும் விழும்.

தண்ணீர் கலந்தால் என்ன, பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்து எவ்வளவு தண்ணீர் என்று கழித்துவிடலாமே? தோட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். வானத்தின் சராசரி வெளிச்சத்தையும் கணினி அப்படியே கழித்துவிடும். சராசரியைக் கழிப்பது சுலபம். அதன் தடுமாற்றத்தைக் கழிக்கத்தான் வழியில்லை. ஸ்டாக்கிங் என்ற ஏற்பாடே அந்தத் தடுமாற்றத்துக்காக வந்ததுதான்.

## தகரக் கூரையில் தூறல்

லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை தொடங்கும் சத்தம் நினைவிருக்கிறதா? முதலில் 'டக்'. சற்று இடைவெளி. அப்புறம் 'டக்டக்'. பிறகு ஒன்றுமில்லை. மீண்டும் மூன்று துளி சேர்ந்து விழும். இந்த நிமிடம் எத்தனை துளி என்று எண்ணி அடுத்த நிமிடத்துக்குக் கணக்குச் சொன்னால் பொய்த்துப்போகும். மழை வலுத்ததும் அதே கூரை 'சோ'வென்று ஒரே சீராக இரையும். அப்போதும் துளிகள் ஒழுங்கில்லாமல்தான் விழுகின்றன. எண்ணிக்கை பெருகிவிட்டதால் அந்த ஒழுங்கின்மை காதில் விழாமல் அடங்கிவிடுகிறது.

வெளிச்சமும் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரு துளிக்கு ஒளித்துகள் என்று பெயர். சராசரியாக 100 ஒளித்துகள் விழவேண்டிய பிக்சலில் ஒரு தடவை 93 விழும், ஒரு தடவை 108 விழும். எவ்வளவு தடுமாறும் என்பதற்கு ஒரே விதி: எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100க்கு 10, 10,000க்கு 100. இந்தத் தடுமாற்றம்தான் படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் இரைச்சல். நமக்கு வேண்டிய நெபுலா வெளிச்சம் சிக்னல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெபுலாவின் மங்கலான ஓரத்தைப் பார்க்கும் ஒரு பிக்சலில் 30 வினாடியில் நெபுலாவிலிருந்து 5 ஒளித்துகளும் வானத்திலிருந்து 95ம் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100, தடுமாற்றம் 10. நமக்கு வேண்டிய 5, பத்தின் தடுமாற்றத்துக்குள் புதைந்துபோகும். அந்த ஒரு பிரேமில் நெபுலா இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது 100 பிரேம். மொத்தம் 10,000, தடுமாற்றம் 100. நெபுலாவின் பங்கு 500. இரைச்சலைவிடச் சிக்னல் ஐந்து மடங்காகிவிட்டது. ஓரம் தெளிவாகத் தெரியும். 400 பிரேம் எடுத்தால் நெபுலாவின் பங்கு 2,000, தடுமாற்றம் 200, பத்து மடங்கு. பிரேம் நான்கு மடங்கானால் தெளிவு இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். முதல் ஒரு மணி நேரம் தரும் முன்னேற்றத்தை இரண்டாவது மணி நேரம் தராமல் போவதற்கு இதுதான் காரணம். கேமராவில் கோளாறு தேட வேண்டாம்.

இதே கணக்கில் வானத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பட்டணத்தைவிட்டுத் தோட்டத்துக்குள் சில கிலோமீட்டர் போனதில் வானத்தின் பங்கு 95இலிருந்து 20ஆகக் குறைகிறது என்று கொள்வோம். மொத்தம் 25, தடுமாற்றம் 5. அந்த ஐந்து மடங்குத் தெளிவுக்கு இங்கே 25 பிரேம் போதும். மாறாக, நிலா வெளிச்சத்தில் வானத்தின் பங்கு 395 ஆனால் மொத்தம் 400, தடுமாற்றம் 20. அதே தெளிவுக்கு 400 பிரேம் வேண்டும். இருட்டில் பன்னிரண்டரை நிமிடத்தில் கிடைப்பது நிலவில் மூன்று மணி இருபது நிமிடம் கேட்கிறது. எந்தக் கருவியை வாங்கினாலும் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: அடுக்கும் மென்பொருள் பிரேம்களைச் சராசரி எடுப்பதால் படத்தின் வெளிச்சம் முன்பு இருந்த அளவிலேயே நிற்கும். அடங்குவது இரைச்சல். இரைச்சல் அடங்கிய பிறகுதான் புதைந்துகிடந்த 5 வெளியே தெரியும்.

## அப்படியானால் ஒரே நீளமான படமாக எடுத்தால் என்ன?

ஒளித்துகள் கணக்கின்படி 50 நிமிடத்தில் ஒரே படமும் 30 வினாடியில் 100 படமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 40ஆவது நிமிடத்தில் ஒரு விமானம் குறுக்கே போனால் ஒரே படம் பாழ். நூறில் ஒன்றில் விமானம் வந்தால், மற்ற 99இலும் இல்லாத அந்தக் கோட்டை மென்பொருள் தள்ளிவிடும். மேகம் வந்தாலும் காற்று அடித்தாலும் அந்தச் சில பிரேம்களோடு போகும். அதோடு விண்மீன்கள் வெளிறிப்போவதில்லை; மங்கு நிரம்பி வழிந்தால் மேலே விழுவது வீண்தானே.

அதற்காக ஒரு வினாடிப் படம் மூவாயிரம் எடுக்கலாமா? அதில் வேறொரு சிக்கல். சென்சாரிலிருந்து எண்ணிக்கையைப் படித்தெடுக்கும் ஒவ்வொரு தடவையும் கேமராவின் மின்சுற்று தன் பங்குக்கு ஒரு சிறு தடுமாற்றத்தைச் சேர்க்கும். இதற்கு வாசிப்பு இரைச்சல் என்று பெயர். ஒரு தடவைக்கு 3 என்று வைத்தால், 30 வினாடிப் பிரேம் நூறில் மொத்தத் தடுமாற்றம் 100இலிருந்து 104 ஆகும், கண்டுகொள்ள வேண்டாம். ஒரு வினாடிப் பிரேம் 3,000இல் அது 192 ஆகிவிடும். அதே 50 நிமிடம், தெளிவு மட்டும் பாதி.

நடைமுறையில் இதற்கு ஒரு சோதனை போதும். கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள். அதன் மேடு இடது சுவரை ஒட்டிக்கொண்டிருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை. சுவரைவிட்டு விலகி, கால்வாசியிலோ மூன்றில் ஒரு பங்கிலோ நின்றால் சரி. தோட்டத்துப் பட்டணத்து வானத்தில் எஃப் 4 துளை அளவுள்ள லென்ஸுக்கு 30 வினாடியில் தொடங்கிப் பாருங்கள்.

கேமராவில் ஐஎஸ்ஓ என்ற பெருக்க அளவை ஏற்றினால் வெளிச்சம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ரேடியோவின் சத்தத்தைத் திருகுவது போலத்தான் அது; நிலையம் தெளிவாகாது. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களுக்கு 800 அல்லது 1600 போதும். படத்தை 'ரா' வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் எடுத்தால் மங்கலான பகுதியின் நுண்ணிய வித்தியாசங்களை கேமராவே அழித்துவிடும்.

## சுழலும் வானமும் 5 பாகை அட்சரேகையும்

வானம் ஒரு வினாடிக்கு 15 விகலை சுழல்கிறது; விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 விகலையைப் பார்க்கும். அசையாத முக்காலியில் அரை வினாடிக்குள் விண்மீன் அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். ஆகவே வானத்தோடு கேமராவைத் திருப்பும் மவுண்ட் கட்டாயம். கையிருப்புக் காசில் முதல் பங்கை இதற்கு ஒதுக்குங்கள், தொலைநோக்கி அப்புறம்.

மவுண்டின் அச்சு, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த வான துருவத்தைப் பார்க்க வேண்டும். புத்தகங்களும் காணொளிகளும் துருவ விண்மீனைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லும். அது அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். பேராக்கில் அது அடிவானத்திலிருந்து வெறும் 5 பாகை. செம்பனை வரிசைக்கும் அடிவானப் புகைக்கும் பின்னால் அதைக் காண முடியாது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அதற்குப் பதில் திசைகாட்டி. மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. இது நமக்கு வாய்த்த வசதி. கைப்பேசியின் திசைகாட்டியை இரும்பு முக்காலியிலிருந்தும் காரிலிருந்தும் தகர வேலியிலிருந்தும் தள்ளிவைத்து வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். சாய்வை உங்கள் ஊரின் அட்சரேகைக்கு, பேராக்கில் 5 பாகைக்கு, வையுங்கள். ஒரு பாகை பிழை இருந்தாலும் 135 மி.மீ. லென்ஸில் 30 வினாடிக்கு ஒரு பிக்சலுக்குச் சற்று மேல்தான் நகரும். அதே பிழை 400 மி.மீ. தொலைநோக்கியில் விண்மீனை நான்கு பிக்சல் நீளக் கோடாக்கிவிடும். சிறிய லென்ஸில் தொடங்கச் சொன்னது இதனால்தான். பெரிதுக்குப் போகும்போது 'நினா' என்ற இலவச மென்பொருள் உதவும்: அச்சைச் சுழற்றி மூன்று இடத்தில் படமெடுத்து, விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எங்கே பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவ விண்மீன் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: சாய்வுத் திருகு 5 பாகை வரை இறங்குமா? சில மவுண்டுகள் இறங்காது. அப்போது முக்காலியின் வடக்குக் காலைக் குட்டையாக்கி மொத்தத்தையும் வடக்கே சாய்க்க வேண்டியிருக்கும். அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடப்பதால் எதிர்எடை முக்காலிக் காலில் இடிக்கவும் செய்யும். ஒரு முழுச் சுற்று கையால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இரவு வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

அச்சே சரிசெய்யத் தேவையில்லாத, மேலும் கீழும் இடமும் வலமும் மட்டும் திரும்பும் கணினித் தொலைநோக்கிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் விண்மீன் நடுவில் நின்றாலும் படம் அதைச் சுற்றி மெல்லச் சுழலும். இங்கே நம் அட்சரேகை கை கொடுக்கிறது. ஓரியன் நம் ஊரில் கிழக்கிலிருந்து நேர் செங்குத்தாக ஏறுவதால், 45 பாகை உயரத்தில் 30 வினாடிக்கு அந்தச் சுழற்சி, படத்தின் நடுவிலிருந்து ஆயிரம் பிக்சல் தள்ளியும், ஒரு பிக்சலுக்கும் குறைவு. உச்சிக்கு வந்ததும் அதுவே பத்துப் பிக்சலைத் தாண்டும். ஆகவே அவ்வகைக் கருவி வைத்திருப்போர் கிழக்கில் ஏறும்போதும் மேற்கில் இறங்கும்போதும் எடுங்கள், உச்சியில் விட்டுவிடுங்கள்.

## காலி வாளியின் எடை

பால் நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி வாளியின் எடையைக் கழித்துத்தான் எழுதுவார். கேமராவுக்கும் அப்படி ஒரு காலி எடை உண்டு. வெளிச்சமே படாவிட்டாலும் சென்சாரின் சூட்டில் எண்ணிக்கை ஏறும். ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியஸுக்கும் இரட்டிப்பாகும். இரவிலும் 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத நம் ஊரில் இது பெரிய விஷயம். லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் 20 படம் எடுங்கள். இவை டார்க் பிரேம்கள். அன்றிரவே, அதே சூட்டில் எடுக்க வேண்டும். மறுநாள் ஏர்கான் அறையில் எடுத்தால் உதவாது.

அடுத்தது ஃபிளாட் பிரேம். லென்ஸின் ஓரங்களில் வெளிச்சம் குறைவாக விழும். சென்சார்மேல் உள்ள தூசி வளையமாகத் தெரியும். இவற்றைச் சரிசெய்யத்தான் இது. துவைத்த வெள்ளைப் பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் லென்ஸின் வாயில் கட்டி, விடிகிற வானத்தை நோக்கி 20 படம் எடுங்கள். ஃபோகசைத் தொடாதீர்கள், கேமராவைக் கழற்றாதீர்கள். கழற்றி மாட்டினால் தூசி இடம் மாறிவிடும், ஃபிளாட் பொருந்தாது. படத்தில் இருந்த ஒரு வளையத்துக்குப் பதில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் இரண்டு வளையம் வந்தால் நடந்தது இதுதான்.

இவ்வளவும் செய்தும் சிலர் படத்தில் சிவப்பும் பச்சையுமான கோடுகள், சாய்ந்து பெய்யும் மழைபோல, ஒரே திசையில் ஓடும். சென்சாரில் சில பிக்சல்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மவுண்ட் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் அந்தப் பிக்சல்கள் அடுக்கில் கோடாக இழுபடும். எண்ணிக்கையைக் கூட்டினால் இது அடங்காது. ஒவ்வொரு பிரேமிலும் ஒரே மாதிரி வரும் பிழை தடுமாற்றமே இல்லையே. மருந்து: பத்துப் பிரேமுக்கு ஒரு முறை கேமராவின் பார்வையைப் பத்து இருபது பிக்சல் இங்கும் அங்கும் தள்ளிவிடுவது. திசையை மாற்றி மாற்றித் தள்ளுங்கள். டித்தரிங் என்று பெயர். புதியவர்கள் தவறவிடுவதில் முதலிடம் இதற்குத்தான்.

சுருக்கமாக: தற்செயலான தடுமாற்றத்துக்கு நிறையப் பிரேம், மாறாத பிழைக்கு டார்க், ஃபிளாட், டித்தரிங். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

## அடுக்கிய படம் கறுப்பாகத்தான் இருக்கும்

அடுக்குவதற்கு 'டீப்ஸ்கைஸ்டேக்கர்', 'சிரில்' இரண்டும் இலவசம். வேலை முடிந்து திரையில் வரும் படத்தைப் பார்த்து மனம் தளர்கிறவர்கள் பலர்: கறுப்பு, நடுவில் நாலைந்து விண்மீன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. 0 முதல் 65,535 வரை போகும் அளவுகோலில் நெபுலாவுக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசம் அடியில் சில நூறு எண்ணுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. அந்தச் சிறு பகுதியைத் திரையின் அகலத்துக்கு விரிப்பதற்கு ஸ்ட்ரெட்ச் என்று பெயர். இதைச் செய்யுமுன், பட்டணத்துப் பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும் வான வெளிச்சச் சரிவைக் கழித்துவிடுங்கள். 'கிராக்ஸ்பெர்ட்' என்ற இலவச மென்பொருள் அதற்காகவே இருக்கிறது.

இங்கேதான் வர்ணம் பூசிய குற்றச்சாட்டு வருகிறது. ஸ்ட்ரெட்ச் எல்லாப் பிக்சலுக்கும் ஒரே விதியைப் போடுகிறது, இல்லாததைப் போடுவதில்லை. படத்தில் தெரியும் சிவப்பு, ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் விடும் வெளிச்சம். நீலப்பச்சை, ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் விடுவது. கடையில் வாங்கிய டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் வடிகட்டி ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் உங்கள் படத்தில் சிவப்பு குறைவாகவே வரும். ஒளித்துகளே வராத இடத்தில் மென்பொருள் தன் நினைவிலிருந்து நுணுக்கம் வரைந்து கொடுத்தால் அதைப் பொய் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்வேன்.

இந்த இரண்டு அலைநீளத்தை மட்டும் விடும் இரட்டைப்பட்டை வடிகட்டிகள் கிடைக்கின்றன. மேலே போட்ட கணக்கில் அந்த 95ஐக் குறைப்பதுதான் அவற்றின் வேலை. பட்டணத்தில் நெபுலா எடுப்போருக்கு நல்ல முதலீடு. விண்மீன் மண்டலங்களுக்கு உதவாது. ஆண்ட்ரோமெடாவின் வெளிச்சம் கோடிக்கணக்கான விண்மீன்களின் வெளிச்சம், எல்லா நிறத்திலும் பரவியது. வானத்தை வெட்டினால் அதையும் வெட்டும். பழைய மஞ்சள் சோடியம் விளக்குக்கென்று செய்த வடிகட்டிகளும் இன்றைய வெள்ளை எல்இடி தெருவிளக்குக்கு முன் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

## எந்த இரவு, எந்தப் பொருள்

முதல் கருவி சுவரில் தொங்கும் நாள்காட்டி. அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள்தான் நம் வேலை நாள். மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவு திருவாதிரை விண்மீனருகே நிற்கும். அது ஓரியனின் தோள். ஓரியன் நெபுலாவுக்கு வருடத்திலேயே மோசமான இரவு அது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, ஆனால் அது மழைக்காலம், பட்டாசுப் புகையும் சேரும்.

மேற்குக் கரையில் ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஓரளவு வறண்டவை. தொடக்கத்துக்கு ஜனவரி ஓரியன் நெபுலா. உச்சிக்கு அருகே வரும், பிரகாசமானது. அதன் நடுப்பகுதி 30 வினாடியில் வெளிறிப்போகும் என்பதால் 5 வினாடியில் இருபது பிரேம் தனியாக எடுத்து வையுங்கள். ஜூன், ஜூலையில் தனுசில் உள்ள லகூன் நெபுலா. தெற்கே கரீனா நெபுலா இதைவிடப் பெரியது, ஐரோப்பாவில் இருப்பவர்களால் பார்க்கவே முடியாதது. ஆனால் நமக்கு 25 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் அது ஈப்போவின் வெளிச்சத்துக்கு மேல் நிற்கும். பட்டணத்துக்கு எந்தப் பக்கம் பெரிய ஊர் இருக்கிறது என்று பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். சாயங்காலம் இடியோடு மழை பெய்து நள்ளிரவில் விட்ட வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

பனி நம் பெரிய தொல்லை. ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் இரவில் ஒரு மணி நேரத்தில் லென்ஸ் வியர்த்துவிடும். படங்கள் போகப்போக மங்கி, விண்மீன்களைச் சுற்றிப் பஞ்சுபோல வளையம் வந்தால் அதுதான். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூட்டுப்பட்டையை, பனி இறங்கிய பிறகு என்றில்லாமல், தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஏர்கான் அறையிலிருந்து கேமராவை எடுத்தால் பையைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டி. இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், பிறகு அதைத் துடைத்து எடுக்க வழியில்லை.

ஃபோகசுக்கு, பின்திரையில் நேரடிக் காட்சியைக் காட்டும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ரிகல் போன்ற ஒரு பிரகாசமான விண்மீன் மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருகி, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். இரவு முழுக்க நம் ஊரில் சூடு அதிகம் மாறாததால், குளிர்நாட்டுக்காரர்கள்போல மணிக்கொரு தரம் திருத்த வேண்டியிருக்காது. ஒரு முறை பார்த்தால் போதும்.

160 பிரேம் கையில் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடுக்காதீர்கள். முதலில் 10 பிரேமை மட்டும் அடுக்குங்கள். பிறகு 40. பிறகு 160. மூன்றையும் ஒரே அளவில் ஸ்ட்ரெட்ச் செய்து, நெபுலாவின் ஓரத்தில் ஒரே மூலையைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சம் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். மணல் மட்டும் ஒவ்வொரு படியிலும் பாதியாகும். மூன்றாவதில், முதலிரண்டிலும் வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், ஒரு மெல்லிய வாயு இழை தெரியத் தொடங்கும்.